எந்த பாட்டிலைத் தொங்கவிடுவது? என்.எஸ்., ஆர்.எல்., டி.என்.எஸ்.: ஒரு வார்டு ஒப்பீடு

எங்கள் வார்டு அலமாரியின் கீழ்த்தட்டில் நரம்பில் ஏற்றும் நான்கு வகை பாட்டில்கள் இருக்கும்: என்.எஸ். (நார்மல் சலைன் என்ற உப்புநீர்), ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்), டி.என்.எஸ். (டெக்ஸ்ட்ரோஸும் நார்மல் சலைனும் சேர்ந்தது), அப்புறம் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை நீர்). நோயாளியோடு வருகிறவர்களுக்கு நான்குக்கும் ஒரே பெயர்தான், குளுக்கோஸ். "ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்பார்கள். அவர்கள் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. நாமும் பல நாட்களில் அப்படித்தான் எழுதுகிறோம் என்பதுதான் தொல்லை. ஆன்டிபயாட்டிக்கை மாற்ற வேண்டுமென்றால் சீஃபைக் கேட்கிறோம். எந்த பாட்டில், எத்தனை, எவ்வளவு வேகம் என்பதை மட்டும் வார்டிலேயே வயதில் சின்னவர், நடுராத்திரி இரண்டு மணிக்கு, ‘ரெண்டு டி.என்.எஸ்., ஒரு ஆர்.எல்.’ என்று கேஸ் ஷீட்டில் கிறுக்கிவிட்டுப் போகிறார். அந்தச் சின்னவராக நானும் இருந்தவன்தான்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு மணிக்காக. புதிதாக வார்டுக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களையும் நர்சுகளையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெரும்பாலும் பெரியவர்களைப் பற்றித்தான். குழந்தைகளுக்குத் தனியாக ஒரு பத்தி உண்டு. உங்கள் மருத்துவமனையில் எழுதி வைத்த நடைமுறை இருந்தால் அதற்குத்தான் முதலிடம்.

எதற்காக ஏற்றுகிறோம்?

பி.பி. இறங்கி, கை கால் சில்லிட்டுக் கிடப்பவருக்கு ரத்தக்குழாயை நிரப்பவா? வாய்வழியே எதுவும் கூடாது என்று வைத்திருப்பவருக்கு அன்றாடத் தேவையைக் கொடுக்கவா? வாந்தி, பேதி, உடம்பிலிருந்து நீர் வடிக்கும் டிரெயின் குழாய் என்று வெளியே போவதை ஈடுகட்டவா? மூன்றும் மூன்று வேலை. ஒன்றுக்குச் சரியான பாட்டில் இன்னொன்றுக்குத் தப்பாகிவிடும்.

காரணம் எளிது. ஏற்றும் நீர் ரத்தக்குழாய்க்குள்ளேயே உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு லிட்டர் உப்புநீர் உள்ளே போனால் அது செல்களுக்கு வெளியே உள்ள இடமெங்கும் பரவுகிறது. குழாய்க்குள் நிற்பது ஏறக்குறைய கால் லிட்டர். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் உள்ள சர்க்கரையை உடம்பு எரித்துவிட, மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது செல்களுக்குள்ளும் புகுந்துவிடுவதால் ஒரு லிட்டருக்குக் குழாய்க்குள் நிற்பது 100 மில்லிக்கும் குறைவு. பி.பி. இறங்கியவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவது ஆற்றில் கரைத்த புளி. இது ஒன்று மனத்தில் நின்றாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

என்.எஸ்.: பெயரில் மட்டும் ‘நார்மல்’

ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 9 கிராம் உப்பு. சோடியம் 154 மில்லிமோல், குளோரைடும் 154. நம் ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை, குளோரைடு 100-ஐ ஒட்டி. சோடியத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான். குளோரைடில் ஒன்றரை மடங்கு. பிறகு எப்படி ‘நார்மல்’ என்று பெயர் வந்தது? ஹாம்பர்கர் என்ற டச்சு விஞ்ஞானி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோதனைக் குழாயில் சிவப்பணுக்களை வைத்து, எந்த உப்புச் செறிவில் அவை உடையாமல் இருக்கின்றன என்று பார்த்தார். 0.9 என்ற எண் அங்கிருந்து வந்தது. படுக்கையில் கிடந்த நோயாளி யாரையும் வைத்து அளந்த எண் அல்ல.

நரம்பு வழியே உப்புநீர் ஏற்றும் யோசனை அதைவிடப் பழையது. 1831-32 காலரா பரவலில் வில்லியம் ஓ’ஷாக்னசி என்ற இளம் மருத்துவர், காலரா நோயாளிகளின் ரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டு சொன்னார். 1832-ல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா அதைச் செய்தும் காட்டினார். ஓ’ஷாக்னசி பின்னால் கல்கத்தா வந்து, மருத்துவத்தோடு இந்தியாவில் தந்திக் கம்பியும் இழுத்தார் என்பது வேறு கதை.

என்.எஸ். கெட்ட பாட்டில் இல்லை. ஆனால் மூன்று லிட்டர் என்.எஸ். என்றால் 27 கிராம் உப்பு. சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு குளோரைடு சேர்ந்தால் ரத்தம் அமிலத்தன்மை அடைகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைகிறது. அந்த அமிலத்தன்மையைப் பார்த்து ‘இன்னும் ஷாக் (பி.பி. சரிந்து ரத்த ஓட்டம் போதாத நிலை) தீரவில்லை போல’ என்று மறுபடியும் என்.எஸ். எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாம் கொடுத்த பாட்டிலே உண்டாக்கிய கோளாறுக்கு அதே பாட்டிலை மருந்தாக எழுதுகிறோம்!

என்.எஸ். தேவைப்படும் இடங்கள் உண்டு. தலையில் அடிபட்டவருக்கு அதுதான். அங்கே சோடியம் குறைந்த நீர் மூளை வீக்கத்தைக் கூட்டும். விடாமல் வாந்தி எடுத்து, வயிற்று அமிலத்தோடு குளோரைடையும் இழந்தவருக்கு அந்தக் கூடுதல் குளோரைடே மருந்து. ரத்தம் ஏற்றும் அதே லைனில் ஓட வேண்டியதும் என்.எஸ்.தான். பல மருந்துகளைக் கலக்கவும் அதுவே வசதி.

ஆர்.எல்.: வீண் பயங்களும் நிஜமான பயங்களும்

லண்டனில் சிட்னி ரிங்கர் 1880-களில் தவளை இதயத்தைத் துடிக்க வைக்க எந்த உப்புகள் வேண்டும் என்று தேடியதில் பிறந்தது ரிங்கர் கரைசல். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் 1930-களில் அதில் லாக்டேட்டைச் சேர்த்தார். ஒரு லிட்டரில் சோடியம் சுமார் 130, குளோரைடு 109, லாக்டேட் 28, பொட்டாசியம் 4, கொஞ்சம் கால்சியம். கல்லீரல் அந்த லாக்டேட்டை பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்கிறது. என்.எஸ்.ஸை விட ரத்தத்தின் சாயல் இதில் அதிகம்.

ஆனாலும் வார்டில் ஆர்.எல். என்றாலே சிலருக்குத் தயக்கம். "சார், இவருக்கு கிரியாட்டினின் ஜாஸ்தி, ஆர்.எல்.ல பொட்டாசியம் இருக்கே" என்று அக்கறையோடுதான் கேட்பார்கள். கிரியாட்டினின் கூடினால் சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது, பொட்டாசியம் வெளியேறாமல் தங்கிவிடும் என்பது அவர்கள் பயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பொட்டாசியம் 5.5 இருக்கும் ரத்தத்தில் 4 இருக்கும் நீரைக் கலந்தால் அது 6 ஆகாது. மறுபக்கம், என்.எஸ். உண்டாக்கும் அமிலத்தன்மை செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பொட்டாசியம் கூடுதலாக ஏறியது என்.எஸ். பக்கம்தான்.

இன்னொரு பயம், லாக்டேட் கூடியிருக்கும் செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைப் பாதித்த நிலை) நோயாளிக்கு லாக்டேட்டையே ஏற்றலாமா என்பது. பாட்டிலில் இருப்பது சோடியம் லாக்டேட், லாக்டிக் அமிலம் அல்ல. கல்லீரல் ஓரளவு வேலை செய்தால் போதும். கல்லீரல் முற்றிலும் தளர்ந்துபோனவருக்குத்தான் யோசிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு ஆர்.எல். கூடாது என்பதும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் குளுக்கோஸே கிடையாது.

நிஜமாகப் பயப்பட வேண்டியவை வேறு. தலைக்காயம், மேலே சொன்னேன். ரத்தப் பையோடு ஒரே லைனில் ஆர்.எல். ஓடக்கூடாது; அதன் கால்சியம், ரத்தம் உறையாமல் காக்கும் சிட்ரேட்டோடு சேர்ந்து கட்டி தட்டும். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் போடும்போதும் அதே கால்சியம்தான் பிரச்சினை. பச்சிளங்குழந்தைக்கு இந்த இரண்டும் சேரவே கூடாது. பெரியவர்களுக்கு ஒரே லைனில் ஒரே நேரத்தில் வேண்டாம். ஒன்று முடிந்து, லைனை என்.எஸ். விட்டுக் கழுவிய பிறகு மற்றது.

சரி, உயிர் பிழைப்பதில் வித்தியாசம் உண்டா? 2018-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட்டிலிருந்து வந்த ஆய்வு, ஐ.சி.யூ.வில் இருந்த 15,802 பேரைப் பார்த்தது. மரணம், புதிதாக டயாலிசிஸ், சரியாகாத சிறுநீரகப் பாதிப்பு என்ற மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் என்.எஸ். பக்கம் 15.4 சதவீதம், ஆர்.எல். அல்லது அதைப் போன்ற சமச்சீர் நீர் பெற்றவர்களில் 14.3. அப்புறம் 2021-ல் பிரேசிலிலிருந்தும் 2022-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்தும் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. அவற்றில் என்.எஸ்.ஸுக்கு எதிரே நிறுத்தியது பிளாஸ்மாலைட் என்ற இன்னொரு சமச்சீர் நீரை. 90 நாள் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. தலைக்காயக்காரர்களுக்கு என்.எஸ்.தான் நல்லது என்பதற்கு பிரேசில் ஆய்வு வலுவும் சேர்த்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: ஒரு பாட்டில், இரண்டு பாட்டில் என்றால் எது கையில் கிடைக்கிறதோ அதைப் போடுங்கள், சண்டை வேண்டாம். இரண்டு லிட்டரைத் தாண்டும் என்று தெரிந்தால் ஆர்.எல்.லுக்குப் போங்கள். நம் ஊரில் இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பல மடங்கு விலை கொடுத்து பிளாஸ்மாலைட் வாங்கிவரச் சொல்லி நோயாளியின் மகனை வெளி மருந்துக்கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வந்ததில்லை.

சர்க்கரை பாட்டில்கள்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். என் தப்பு ஒன்றும் இங்கேதான் இருக்கிறது.

ஹவுஸ் சர்ஜன் காலம். இடுப்பு எலும்பு அறுவை முடிந்த ஒரு பாட்டி, நாற்பது கிலோ இருப்பார். ‘சாப்பிடவில்லை, தெம்பில்லை’ என்று சொன்னார்கள். நான் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் எழுதினேன், நாளுக்கு நான்கு பாட்டில். மறுநாளும் அதையே தொடரச் சொல்லி எழுதினேன். மூன்றாம் நாள் காலை வார்டு சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், இந்தப் பாட்டி நேத்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. இன்னைக்கு நான் யாருன்னு கேக்குறாங்க." வயதானவர், மயக்க மருந்தின் தாக்கம் இன்னும் போகவில்லை போல என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சிஸ்டர் விடவில்லை. ரத்தம் எடுத்து அனுப்பினால் சோடியம் 118.

அறுவை, வலி, குமட்டல் மூன்றும் உடம்பைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. அப்படிப்பட்ட உடம்புக்குள் நான் இரண்டு நாளாக வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். அதைச் சரிசெய்வதிலும் அவசரம் ஆகாது. ஒரு நாளில் 8, மிஞ்சிப் போனால் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றினால் மூளைத்தண்டுக்கே கேடு. பாட்டி ஐந்து நாளில் பழையபடி ஆனார். எனக்கு அந்த எண் இன்னும் மறக்கவில்லை.

‘தெம்பு’ கணக்கையும் பார்த்துவிடுவோம். 500 மில்லி பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை, அதாவது 100 கலோரி. இரண்டு இட்லியும் ஒரு கரண்டி சாம்பாரும் அதற்குக் குறையாமல் கொடுக்கும், கையில் ஊசியும் குத்த வேண்டாம்.

டி.என்.எஸ். இன்னும் தந்திரமானது. அதே சர்க்கரையோடு முழு அளவு உப்பும் இருப்பதால் ‘எல்லாம் அடங்கிய பாட்டில்’ என்ற எண்ணத்தைத் தருகிறது. அதனால்தான் நம் வார்டுகளில் அதற்கு இவ்வளவு செல்வாக்கு. வேகமாக ஓடவிட்டால் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை சிறுநீரோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். யூரோபேக் (சிறுநீர்ப் பை) நிறைகிறது, ‘அவுட்புட் நல்லா இருக்கு’ என்று நாம் நிம்மதியாக எழுதுகிறோம், நோயாளியோ உள்ளே வறண்டுகொண்டிருக்கிறார். ஷாக்கில் இருப்பவருக்கு டி.என்.எஸ். எழுதக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

சர்க்கரை பாட்டிலுக்கு நியாயமான இடம் இரண்டு. ஒன்று, வாய்வழியே ஒன்றும் கூடாது என்று வைத்திருப்பவர். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டி இவருக்கு ஒரு நாள் கணக்கு தருகிறது: கிலோவுக்கு 25 முதல் 30 மில்லி தண்ணீர், சோடியமும் பொட்டாசியமும் கிலோவுக்கு ஏறக்குறைய 1 மில்லிமோல், பட்டினியில் கீட்டோன் (கொழுப்பு எரிவதால் வரும் அமிலம்) சேராமல் இருக்க 50 முதல் 100 கிராம் குளுக்கோஸ். 60 கிலோ ஆளுக்கு ஒன்றரை முதல் 1.8 லிட்டர், அதாவது மூன்று பாட்டில் சொச்சம். ஆன்டிபயாட்டிக் கலந்து ஏற்றும் 100, 100 மில்லிகளையும் இதில் கழிக்க வேண்டும், யாரும் கழிப்பதில்லை. இன்னொன்று, சர்க்கரை இறங்கிப்போனவர். அவருக்கு வேண்டியது 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் போன்ற கெட்டியான கரைசல், அது வேறு கணக்கு. குடிப்பழக்கம் உள்ளவரானால் குளுக்கோஸுக்கு முன்னாலோ கூடவேயோ தயமின் (வைட்டமின் பி1) ஊசி போக வேண்டும்.

பொட்டாசியம் என்றதும் ஒரு எச்சரிக்கை. நம்மிடம் இருக்கும் 10 மில்லி கே.சி.எல். (பொட்டாசியம் குளோரைடு) ஆம்பூலில் 20 மில்லிமோல். அதை நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். 500 மில்லி பாட்டிலில் ஒரு ஆம்பூலுக்கு மேல் வேண்டாம், அதுவும் குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். கலந்த பிறகு பாட்டிலை நாலைந்து முறை தலைகீழாகப் புரட்டுங்கள். தொங்கும் பாட்டிலில் ஊசியால் விட்டுவிட்டு அப்படியே போனால் கெட்டியான பொட்டாசியம் அடியில் தங்கி முதலில் அதுவே உள்ளே போகும்.

குழந்தைகள் வார்டில் பழக்கமாகத் தொங்கும் ஐசோலைட்-பி என்ற பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் சோடியம் லிட்டருக்கு 25 மட்டுமே. 1957-ல் ஹாலிடே, செகர் என்ற இரு மருத்துவர்கள் போட்டுத் தந்த கணக்கில் எடைக்கு இவ்வளவு நீர் என்ற பகுதி இன்றும் பயன்படுகிறது. முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10-க்கு 50, அதற்கு மேல் 20. சோடியம் குறைந்த நீர் போதும் என்ற பகுதிதான் அடிபட்டுப் போயிற்று. நோயுற்ற குழந்தையின் உடம்பும் அந்தப் பாட்டியின் உடம்பைப் போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. 28 நாளைத் தாண்டிய குழந்தைகளுக்கு ரத்தத்தை ஒத்த சோடியம் உள்ள நீரோடு குளுக்கோஸும் அளவான பொட்டாசியமும் கொடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018-ல் சொல்லிவிட்டது. பழைய பழக்கம் அலமாரியை விட்டு இறங்க நாளாகும்.

விலை உயர்ந்தவை

ரத்தப் புரதமான ஆல்புமின் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 2004-ல் வெளியான ஆய்வில் ஐ.சி.யூ.வில் கிட்டத்தட்ட 7,000 பேரிடம் ஆல்புமினையும் என்.எஸ்.ஸையும் ஒப்பிட்டார்கள், 28 நாள் இறப்பு சமம். கல்லீரல் நோயில் வயிற்று நீர் நிறைய எடுக்கும்போது அதற்கு வேலை உண்டு. ஸ்டார்ச் கரைசல்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன என்று 2012-க்குப் பிறகு தெளிவாகி, ஐரோப்பா 2022-ல் அவற்றை நிறுத்தியே விட்டது. டெங்கு ஷாக்குக்கு? வியட்நாமில் 383 குழந்தைகளிடம் செய்து 2005-ல் வந்த ஆய்வில், மிதமான ஷாக்குக்கு ஆர்.எல்.லே போதும் என்று முடிவானது.

வாய்

ஒப்பீட்டில் எப்போதும் விட்டுப்போகிற போட்டியாளர் இது. 1971-ல் வங்கதேச அகதிகள் நிறைந்த, மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில் காலரா. ஏற்ற பாட்டில் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, கூட இருந்த உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குடிக்க முடிகிறது, வாந்தி அடங்கிவிட்டது, பி.பி. நிற்கிறது என்றால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கு முன்னால் நான்கு பாட்டில்களும் இரண்டாம் இடம்தான். குடிக்க முடியாதவருக்கு மூக்கு வழி டியூப் இருக்கிறது. இளநீரை அதற்கு ஈடாக நினைக்க வேண்டாம். அதில் பொட்டாசியம் மிகுதி, பேதியில் போகும் சோடியமோ மிகக் குறைவு. ஆனால் தேறி வருகிறவர் தாகத்துக்குக் குடிக்கட்டும், தடுக்காதீர்கள்.

வேகம்

பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதைவிட இதில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. ஷாக்கில் இருக்கும் பெரியவருக்கு 500 மில்லியை 15 நிமிடத்துக்குள் விட்டுவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இதயம் பலவீனமானவர், மிக வயதானவர் என்றால் நான் 250-லேயே நின்று பார்ப்பேன்: பி.பி., நாடித்துடிப்பு, கை சூடு, அடி நுரையீரலில் கரகரப்பு. வேகம் வேண்டுமென்றால் பாட்டிலை நோக்காமல் நரம்பில் செருகிய ஊசிக்குழாயான வென்ஃப்ளானை நோக்குங்கள். மெல்லிய நீல நிறத்தில் ஓடுவது, தடித்த பச்சையில் ஓடுவதில் பாதிகூட இராது.

அன்றாட ஓட்டத்துக்கு சொட்டுக் கணக்கு. சாதாரண செட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 20 சொட்டு (உறையில் அச்சிட்டிருக்கும், பாருங்கள்). மணிக்கு எத்தனை மில்லி என்பதை மூன்றால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று வந்துவிடும். மணிக்கு 100 மில்லி என்றால் 33. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் வகுக்கவே வேண்டாம், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. ‘மெதுவாக ஓடட்டும்’ என்று எழுதுவது அளவே அல்ல. நோயாளி கையை மடக்கினால் நிற்கும், நீட்டினால் பாயும். இன்ஃப்யூஷன் பம்ப் இருந்தால் பொட்டாசியம் ஓடும் லைனுக்கும் சின்னக் குழந்தைக்கும் முதலில் கொடுங்கள். இல்லாவிட்டால் பாட்டில் மீது பிளாஸ்டர் ஒட்டி மணி வாரியாகக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைப் பார்த்தே வேகம் சரியா என்று எங்கள் சிஸ்டர்கள் தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடுவார்கள்.

வேகத்துக்கு டெங்குவைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே, ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. கசிவு ஒன்றிலிருந்து இரண்டு நாள். அபாய அறிகுறி உள்ளவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி மணிக்கு, கிலோவுக்கு 5 முதல் 7 மில்லியில் தொடங்கி, ஓரிரு மணியில் 3 முதல் 5, அப்புறம் 2 முதல் 3 என்று இறங்கச் சொல்கிறது. இறங்கச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் பிளேட்லெட்டையே பார்த்துக்கொண்டிருக்க, பார்க்க வேண்டியவை ஹீமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), பி.பி.யின் மேல், கீழ் எண்களுக்கு இடையிலான இடைவெளியும்; அது 20-க்கு வந்துவிட்டால் ஷாக். கசிவு நின்றதும் வெளியே போன நீர் தானாகவே குழாய்க்குத் திரும்பும். அந்நேரமும் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும். டெங்குவில் தப்பியவரை நாம் பாட்டிலால் மூழ்கடிப்பது அந்தக் கட்டத்தில்தான்.

அதிகம் ஏற்றுவது நல்லது என்ற நம்பிக்கைக்குப் பெரிய அடி 2011-ல் விழுந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் தொற்றோடு வந்த 3,141 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு. வேகமாக நீர் ஏற்றிய இரண்டு குழுக்களிலும் 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் 10.5 சதவீதத்தை ஒட்டி. ஏற்றாத குழுவில் 7.3. ஐ.சி.யூ. வசதி இல்லாத இடங்கள் அவை, எல்லா நோயாளிக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அன்றிலிருந்து ‘ஒரு பாட்டில் போனால் என்ன ஆகிவிடும்’ என்று நான் சொல்வதில்லை.

தொங்கவிடுமுன் ஒரு நிமிடம்

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கலங்கல், துகள், கசிவு, காலாவதி நாள். 2024 நவம்பரில் கர்நாடகத்தின் பள்ளாரியில் பிரசவித்த தாய்மார்கள் அடுத்தடுத்து இறந்தபோது சந்தேகம் ஆர்.எல். பாட்டில்கள் மீது விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத குறையை நாம் பிடிக்க முடியாது. பேட்ச் எண்ணை எழுதி வைக்கலாம், நடுக்கம் வந்தால் உடனே நிறுத்தலாம். பாட்டில் ஓடவில்லை என்று அதன் அடியில் ஊசி குத்திக் காற்று விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சுருங்கும் பாட்டிலுக்கு அது தேவையில்லை, சுருங்காததற்குக் காற்றுவழி உள்ள செட் இருக்கிறது. குத்திய ஓட்டை வழியே வார்டுக் காற்றும் கிருமியும் உள்ளே போகும். ‘பாட்டில் முடிஞ்சிடுச்சு, காத்து ஏறிடும்’ என்று பதறி ஓடிவரும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்: தானாகச் சொட்டும் பாட்டில் தீர்ந்தால் டியூபில் நீர் பாதியில் நின்றுவிடும். அவர்கள் கவனிக்க வேண்டியது ஊசி குத்திய இடத்தின் சிவப்பையும் வீக்கத்தையும்.

இத்தனை ஒப்பிட்ட பிறகும் நான் இன்று கேஸ் ஷீட்டில் எழுதும் முதல் வரி பாட்டிலின் பெயர் அல்ல, எத்தனை மணிக்குக் கழற்ற வேண்டும் என்பது. அது இல்லாத உத்தரவை எங்கள் சிஸ்டர்கள் திருப்பி அனுப்பலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சும்மா இருப்பார்களா, அனுப்புகிறார்கள். போன வாரம் ரவுண்ட்ஸில் கடைசிக் கட்டிலில் ஒரு பெரியம்மா, தலைமாட்டில் பாதி டி.என்.எஸ்., ஸ்டூலில் காலி டிபன் பாக்ஸ்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"ரெண்டு இட்லி, ஒரு காபி. இந்தக் கை வலிக்குதுப்பா."

சிஸ்டர் ஏற்கெனவே கையில் பஞ்சோடு நின்றிருந்தார்.